நாங்களும் நாமும்

தமிழில் தன்மைப் பன்மையைக் குறிக்க இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ‘நாங்கள்’, மற்றொன்று ‘நாம்’. ‘நாங்கள்’ என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் அதில் சேர்வதில்லை, வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்று சொல்லும்போதோ கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். இவ்வாறு எதிரில் நிற்பவரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் சொல்லை நம் இலக்கண நூலார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயரிட்டு வழங்கினர். நம் அண்டை மொழியாகிய மலையாளத்திலும் ‘ஞங்ஙள்’, ‘நம்மள்’ என இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லே இரு பொருளையும் சுமக்கிறது. பேசுபவர் தம்மை மட்டும் எண்ணிப் பேசுகிறாரா, நம்மையும் சேர்த்துப் பேசுகிறாரா என்பதை அம்மொழியில் சூழலைக்கொண்டே உணர வேண்டும். தமிழில் அதை மறைக்க இயலாது. வாயைத் திறந்தவுடன் வெளிப்பட்டுவிடும்.

இலக்கணத்தில் தொடங்கியதைக் கண்டு, இஃது இலக்கணக் கட்டுரை என்று அன்பர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. ஓர் ஊர் எவ்வாறு மாறுகிறது, அம்மாற்றத்திற்கு முன்னின்று உழைப்பவர் யார், அவரைத் தலைவர் என்று எதனால் சொல்கிறோம் என்னும் வினாக்களை ஆராய்வதே நம் நோக்கம். இவ்வினாக்களுக்கு நம்மை அழைத்துச் செல்லும் வாயிலாக இவ்விரு சொற்களும் அமைகின்றன.

எல்லையில் வாழ்தல்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் நாம் வாழ்கிறோம். காலையில் ரயிலேறித் திருவனந்தபுரம் சென்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்து, மாலையில் திரும்புகிறோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், அலுவலகத்தில் ஆங்கிலமும் இந்தியும். 1956 நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையை ஒட்டி ஒரு கோடு விழுந்தது. அதன் இருபுறமும் அண்ணன் தம்பியர் இருந்தனர்; ஒரே தாயின் மக்கள் இரு மாநிலத்தவர் ஆயினர்.

எல்லையில் வாழ்பவருக்கு ‘நாங்கள்’ என்னும் சொல் எளிதில் நாவில் வரும். அந்தப் பக்கத்தார், இந்தப் பக்கத்தார், தமிழர், மலையாளத்தார், கோவிலார், சபையார், மேட்டுவிளையார், ஏலாக்கரையார் என்று எத்தனையோ வேலிகள். ஒவ்வொரு வேலிக்கும் ஒரு ‘நாங்கள்’ உண்டு. ஆனால் இதே நிலத்தில்தான், கேரளத்தின் முகத்தையே மாற்றிய இரு பெரும் நிகழ்ச்சிகள் சிற்றூர்களில் பிறந்தன. அவை அரண்மனையில் பிறக்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த நமக்கு, மாற்றம் மேலிருந்து வருவது என்றே ஓர் எண்ணம் ஊறிப்போயிருந்தது. மேலே ஆணை பிறக்கும், அது சுற்றறிக்கையாய் இறங்கும், கீழே செயலாகும். கோப்பில் நாம் எழுதும் மொழியிலும் ‘நான்’ இல்லை, ‘நாம்’ இல்லை, ‘நாங்கள்’ கூட இல்லை. ‘பரிசீலிக்கப்படலாம்’, ‘உத்தரவு வேண்டப்படுகிறது’, ‘தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று எழுவாய் இல்லாத வாக்கியங்களே நிறைந்திருக்கும். யார் செய்வது என்பது அங்கே கேள்வியன்று. இப்பழக்கம் அலுவலகத்தோடு நின்றால் குற்றமில்லை. அது மனத்திலும் குடியேறிவிட்டது என்பதைப் பின்னர் உணர்ந்தோம். அதைப் பின்னே கூறுவோம்.

ஆற்றங்கரையில் ஒரு கல்

நெய்யாற்றின்கரையிலிருந்து சிறிது தொலைவில், நெய்யாற்றின் கரையிலே அருவிப்புறம் என்னும் இடம் உள்ளது. 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து, அதையே சிவலிங்கமாக அங்கே நிறுவினார். கோவில் வாயிலில் நிற்கவும் உரிமை மறுக்கப்பட்ட ஈழவ சமுதாயத்தில் பிறந்தவர் அவர். மருத்துவாமலையில் தவம் இருந்தவர். தமிழிலும் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். ஆதலின் தமிழன்பர்க்கு அவர் அயலார் அல்லர். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தோராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்னும் கருத்து, அவர் வாக்காக அவ்விடத்தில் பொறிக்கப்பட்டது.

அவர் கல்லை நாட்டிய கதையைப் பலரும் அறிவர். அதன் பின் நடந்ததைப் பலரும் எண்ணுவதில்லை. அருவிப்புறத்தில் ‘வாவூட்டு யோகம்’ என்று ஒரு சிறு கூட்டம் இருந்தது. அமாவாசை நாளில் அங்கே வருவோர்க்கு உணவளிப்பதே அதன் வேலை. அரிசி சேர்ப்பது, விறகு சேர்ப்பது, இலை போடுவது, கணக்கு எழுதுவது ஆகிய இவ்வளவே அதன் அலுவல். இக்கூட்டம் வளர்ந்து அருவிப்புறம் க்ஷேத்திர யோகம் ஆயிற்று. 1903ஆம் ஆண்டில் அதுவே ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவு பெற்றது. பெருங்கவிஞர் குமாரன் ஆசான் அதன் முதற் செயலாளரானார்.

இதற்கு முன் வேறொரு முயற்சியும் நடந்திருந்தது. மருத்துவம் கற்றுத் தேர்ந்தும், சாதியின் காரணமாகத் திருவிதாங்கூரில் அரசுப் பணி மறுக்கப்பட்ட டாக்டர் பல்பு முன்னின்று, 1896ஆம் ஆண்டில் 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை மகாராஜாவிடம் அளிக்கச் செய்தார். கேட்டது பெரிதன்று, பள்ளியில் இடமும் அரசுப் பணியில் வாய்ப்புமே. ஆனால் கருதிய பயன் விளையவில்லை. அந்த ஏமாற்றத்தை உண்டவரே பின்னர் குருவோடு சேர்ந்து, ஆற்றங்கரையில் சோறு போட்ட அச்சிறு கூட்டத்தைப் பேரியக்கமாக்கத் துணை நின்றார். பதின்மூவாயிரம் கையொப்பங்கள் மேலே சென்று பயனின்றிப் போக, சில பேர் ஒன்றுகூடி அடுப்பு மூட்டிய இடத்திலிருந்து ஒரு சமுதாயம் எழுந்தது என்றால், அதன் காரணம் யாது?

கையொப்பமிட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரை எழுதிவிட்டு வீடு திரும்பியிருப்பர். அடுத்த வேலை அரசனுடையது. அடுப்பு மூட்டியவருக்கோ அடுத்த அமாவாசைக்கும் வேலை இருந்தது. விண்ணப்பம் தேவையற்றது என்று கூறுவோம் அல்லோம். விண்ணப்பம் எழுதிப் பிழைப்பவர்க்கு அவ்வாறு கூறும் துணிவு வராது. ஆனால் மீண்டும் மீண்டும் கூடி ஒரு பொது வேலையைச் செய்து பழகியவரிடத்தேதான் ஒருவரை ஒருவர் நம்பும் வழக்கம் பிறக்கிறது. அந்நம்பிக்கை இல்லாத இடத்தில் ஆயிரம் ஆணை இறங்கினாலும், அதைத் தாங்கிப் பிடிக்கக் கைகள் இரா.

வயலை விட்டு எழுந்தவர்

நெய்யாற்றின்கரைக்கு மேற்கே, விழிஞ்ஞம் கடற்கரையை அடுத்த வெங்ஙானூரில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர் அய்யன்காளி. புலையர் குடியில் தோன்றியவர், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர். பொதுச் சாலையில் நடக்கவும் தம் மக்களுக்கு உரிமை இல்லாத காலத்தில், 1893ஆம் ஆண்டில், வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை அணிந்து, அச்சாலையிலேயே ஓட்டிச் சென்றார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். 1911 முதல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக இருந்து, தம் மக்களின் குறைகளை எடுத்துரைத்தார்.

அவர் நடத்திய போராட்டங்களுள் நம் உள்ளத்தை மிகக் கவர்ந்தது, வயல் வேலை நிறுத்தமாகும். ‘எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயலில் இறங்கமாட்டோம்’ என்பதே அதன் சாரம். கூலி உயர்வை மட்டும் கேட்டிருந்தால் அதை வேலை நிறுத்தம் என்று எளிதில் சொல்லிவிடலாம். எழுத்தறியாத உழவர்கள் தம் மக்களின் எழுத்தறிவிற்காகப் பட்டினிக்குத் துணிந்தது உலக வரலாற்றிலேயே அரிய செயல் எனலாம். நிலமுடையோர் தாமே வயலில் இறங்கிப் பார்த்தனர், இயலவில்லை. மாதங்கள் கடந்தன. இறுதியில் நடுவர் ஒருவரின் வாயிலாக உடன்பாடு ஏற்பட்டது.

அத்தனை மாதங்கள் அவர்கள் எதை உண்டனர்? வீரத்தைப் பாடுவோர் இவ்வினாவைக் கேட்பதில்லை. அய்யன்காளியின் வரலாற்றை எழுதியோர் இதற்கு விடை தருகின்றனர். அவர் விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்களிடம் சென்று பேசி, வேலையிழந்தவர்களைப் படகுகளில் சேர்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார் என்பர். கடலில் இறங்கியறியாத உழவனைத் தன் படகில் ஏற்றிக்கொள்ள மீனவன் ஏன் இசைந்தான்? அவனும் வறியவனே, பங்கு கொடுத்தால் தன் பங்கு குறையும் என்பதை அறிந்தவனே. எனினும் இசைந்தான். உழவரின் ‘நாங்கள்’ அன்று கடற்கரை வரை நீண்டு ‘நாம்’ ஆயிற்று.

தலைமை என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கணம் நமக்குக் கிட்டவில்லை. மேடையேறி முழங்குவதற்கும் வண்டியேறிச் செல்வதற்கும் துணிவு போதும். போராட்டம் தொடங்கும் முன்னரே, நாளை இரவு இவர்கள் வீட்டில் அடுப்பு எரியுமா என்று எண்ணுவதற்குத் துணிவோடு அன்பும் வேண்டும். ஊர் அறிவும் வேண்டும். எந்தப் படகில் இடமுண்டு, எந்த மீனவன் சொன்னால் மற்றவர் கேட்பர் என்பதெல்லாம் தொலைவிலிருந்து ஆளுவோர்க்குத் தெரியாது. திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ என்னும் அதிகாரம் பிறர்க்குப் பயன்படுபவனை ஊருணிக்கும், ஊர் நடுவே பழுத்த மரத்துக்கும், மருந்து மரத்துக்கும் ஒப்பிடுகிறது. மூன்றும் இருந்த இடத்திலேயே நின்று பயன்படுவன என்பதை நோக்குக.

எரித்தவரும் ஊராரே

இதுவரை கூறியதைக் கொண்டு, ஊரில் பிறப்பதெல்லாம் நன்று, மேலிருந்து வருவதெல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது என்பதை ஊரூட்டம்பலம் உணர்த்துகிறது.

நெய்யாற்றின்கரைப் பகுதியிலுள்ள அவ்வூரின் பள்ளிக்கு, 1910களில், பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றார். அரசின் ஆணை அச்சிறுமிக்கு ஆதரவாகவே இருந்தது. ஆனால் அவள் பள்ளியில் அமர்வதை மேற்சாதியார் பொறுக்கவில்லை. கலகம் மூண்டது. பள்ளிக்கூடம் தீக்கு இரையாயிற்று. தீயில் தப்பிய ஒரு பெஞ்சு அங்கே இன்றளவும் பேணப்படுகிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2022இல், அப்பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்துப் பெற்றது.

தீ வைத்தவர் யார்? வெளியூரார் அல்லர். அவர்களும் கூடிப் பேசியிருப்பர். அவர்களுக்கும் ஒரு தலைவர் இருந்திருப்பார். ‘எங்கள் பள்ளி, எங்கள் பிள்ளைகள்’ என்று அவர்களும் சொல்லியிருப்பர். ஒற்றுமை இருந்தது, துணிவு இருந்தது, ஊர்ப்பற்றும் இருந்தது. வாவூட்டு யோகத்தில் எவையெல்லாம் இருந்தனவோ அவையெல்லாம் இக்கூட்டத்திலும் இருந்தன என்று ஒருவர் வாதிடலாம். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் பாடுவோரை மறுத்து, அது அறியாமையும் குறுகிய மனமும் குடிகொண்ட இடம் என்று கடிந்ததும், கிராமத்தை விடுத்துத் தனிமனிதனை அலகாகக் கொண்டது நன்று என மகிழ்ந்ததும் இதுபோன்ற தீயைக் கண்டறிந்ததனால் அன்றோ!

காந்தியடிகள் கிராமத்தில் இந்தியாவின் உயிரைக் கண்டார். அம்பேத்கர் அங்கே அதன் சிறையைக் கண்டார். இருவரும் கண்டது ஒரே கிராமத்தைத்தான். பாறசாலையில் பிறந்து வளர்ந்த நமக்கு இருவர் கூற்றும் உண்மையாகவே தோன்றுகிறது.

ஆகவே ஊரிலிருந்து எழுந்தது என்பது மட்டும் ஒரு செயலுக்குப் பெருமை சேர்த்துவிடாது. அச்செயலால் வாயில் திறந்ததா, அடைபட்டதா என்று கேட்க வேண்டும். யார் இதுவரை வெளியே நின்றாரோ அவர் உள்ளே வந்தாரா? வந்தாரெனின் அஃது ‘நாம்’ செய்த வேலை. வரவில்லையெனின், எத்தனை பேர் கூடிச் செய்தாலும் அது ‘நாங்கள்’ செய்த வேலையே. ஊர்த் தலைமையை அளக்கும் கோலாக நமக்குத் தெரிந்தது இது ஒன்றே.

இக்கோலை வைத்து அளந்தால் சட்டத்தின் இடமும் விளங்கும். தோள்சீலைப் போராட்டம் 1822 முதல் 1859 வரை நீடித்தது. கல்குளம், விளவங்கோடு ஊர்களின் பெண்கள் அடிபட்டு, கிழிபட்டு, முப்பத்தேழு ஆண்டுகள் நின்ற பின்னரே 1859 ஜூலையில் அரச பிரகடனம் வந்தது. அதுவும் உரிமையை முழுமையாகத் தரவில்லை. 1936 நவம்பர் 12ஆம் நாள் வந்த கோவில் நுழைவுப் பிரகடனத்துக்கு முன்னும் அவ்வாறே நெடுங்காலப் போராட்டம் இருந்தது. ஊரார் தட்டினர், ஆணை திறந்தது. ஆணை இல்லையேல் ஊரூட்டம்பலத்தில் தீ வைத்தவர்க்கு அஞ்சியே காலம் கழிந்திருக்கும். தட்டுவார் இல்லையேல் ஆணையே பிறந்திராது.

ஊர் தனித்து நின்று தீர்க்க முடியாதவையும் உண்டு. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் நம் பகுதியைக் கடந்து விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் அளிக்க அமைந்தது. 2004இல் அப்பக்கத்துக்கு நீர் விடுவது நின்றது. 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கோட்டின் இருபுறமும் உழவர்கள் ஒருவரையொருவர் அறிவர். திருமணங்களில் ஒரே பந்தியில் உண்பவர். ஆயினும் மதகின் சாவி அவர்கள் கையில் இல்லை. சிற்றூர்த் தலைமையைப் புகழும்போது இவ்வரம்பையும் மறவாதிருத்தல் நேர்மை.

மூன்றடி நிலம்

இனி, பின்னே கூறுவோம் என்றதைக் கூறுகிறோம்.

1992இல் நிறைவேறிய 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் திட்ட நிதியில் பெரும் பங்கை உள்ளாட்சிகளின் கையில் அளித்தது. 1998இல் குடும்பஸ்ரீ பிறந்தது. இங்கே ஒவ்வொரு வார்டும் ஒரு கிராமசபை. பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தால் ஓர் அயற்கூட்டம். ‘அயல்’ என்பது பக்கத்து வீட்டையும் குறிக்கும். நம்மவர் அல்லாதவரையும் குறிக்கும். அவ்விரண்டையும் ஒரே கூட்டமாக்கிய பெயர் அது.

நம் விளைக்குக் கீழே, பழைய ஏலாவின் ஓரத்தில், ஐந்து வீடுகள் உள்ளன. அவ்வீடுகளுக்கு வழி என்று ஒன்று இருந்தது. ஓராள் நடக்கலாம், அவ்வளவே. அங்கே ஒரு முதியவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரந்தோறும் மருத்துவமனை செல்ல நேர்ந்தது. இருவர் நாற்காலியில் வைத்து அவரைச் சுமந்து மேலே வருவர். மழைநாளில் ஒருமுறை சுமந்தவர் வழுக்கி விழுந்ததை நாமே திண்ணையிலிருந்து கண்டோம். கிராமசபையில் பேச்சு எழுந்தது. வழியோரத்து நிலமுடையோர் எழுவரும் மூன்றடி வீதம் விட்டுக் கொடுத்தால், ஊராட்சி கான்கிரீட் பாதை இட்டுத் தரும் என்றனர்.

எழுவரில் நாமும் ஒருவர். நம் எல்லையில் கையாலை புதிதாய்க் கட்டியிருந்தோம். அதன் ஓரத்தில் தந்தையார் நட்ட ஆஞ்சிலி மரம் ஒன்றும் நின்றது. சம்மதப் பத்திரத்தை நீட்டியபோது, ‘எல்லாரும் கையொப்பமிடட்டும், நாம் கடைசியில் இடுகிறோம், முதலில் ஊராட்சியின் தீர்மானம் எழுத்தில் வரட்டும், அரசு ஊழியராகிய நாம் முறைப்படியே செய்ய வேண்டும்’ என்றோம். எந்த விதியும் நம்மைத் தடுக்கவில்லை என்பது நமக்கே தெரியும். கோப்பின் மொழியை வேலிக்குக் காவலாக நிறுத்தினோம்.

எழுவரில் மிகச் சிறிய நிலம், ஐந்து சென்டு, ஒரு கைம்பெண்ணுடையது. பள்ளியில் மதிய உணவு சமைப்பவர்; அயற்கூட்டத்தின் செயலாளர். ஐந்து சென்டில் மூன்றடி போனால் அவர் வீட்டுத் திண்ணை பாதையை ஒட்டி வந்துவிடும். அவர் பத்திரத்தில் முதல் கையொப்பத்தை இட்டுவிட்டு, நம் வாயிலில் வந்து நின்று சொன்னது இவ்வளவே: “வேலிக் கம்பை நாளைக்கு நான் புடுங்குவேன் சாறே. உங்க பக்கத்தை நீங்க ஆலோசிச்சுச் சொன்னா மதி.”

கடிந்துகொள்ளவில்லை, கெஞ்சவுமில்லை. ‘சரி அக்கா’ என்று சொல்லி உள்ளே சென்றோம். மறுநாள் அவர் வேலி மூன்றடி உள்ளே சென்றிருந்தது. அடுத்தடுத்த நாள்களில் மேலும் ஐவர் நகர்ந்தனர். நாம் மட்டும் பதினொரு நாள் ‘ஆலோசித்தோம்’.

அப்பதினொரு நாளில் நம்மை அரித்தது ஒன்று உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் ஊர் வாசகசாலையில் அய்யன்காளி பிறந்தநாள் கூட்டத்தில் பேசினோம். வில்வண்டி ஓடிய சாலையைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம், கைதட்டும் பெற்றோம். கீழே இருக்கும் ஐந்து வீட்டாரும், சாலையில் நடக்க உரிமை மறுக்கப்பட்டிருந்த அந்த மக்களின் வழிவந்தவரே. அவர்களுள் சிலர் அன்று முன்வரிசையில் அமர்ந்து நம் பேச்சைக் கேட்டனர். நூறாண்டுக்கு முந்திய சாலைக்காக உருகிய நாம், நம் வீட்டு ஓரத்து மூன்றடிக்கு உத்தரவு கேட்டு நின்றோம். வரலாற்றில் நாம் அய்யன்காளியின் பக்கம். வேலியோரத்தில் எந்தப் பக்கம்?

பன்னிரண்டாம் நாள் கையொப்பமிட்டோம். ஆஞ்சிலியை வெட்டினோம். இதை அறச்செயல் என்று கூறிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அறுவர் விட்டுக்கொடுத்த பின் எஞ்சிய ஒருவர் விட்டுக்கொடுப்பது நாணத்தால் நிகழ்வது. ஆயினும் நாணம் பிறப்பதற்கும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். செய்தித்தாளில் படித்த தியாகம் நம்மை நாணச் செய்ததில்லை. அவ்வம்மையாரின் வேலியோ நாள்தோறும் காலையில் ரயிலுக்குச் செல்லும்போது நம் கண்ணில் பட்டது. ஊர்த் தலைமைக்கு உள்ள ஆற்றல் இதுதான் போலும். பெருந்தலைவரை வணங்கிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்; பக்கத்து வீட்டாரிடமிருந்து தப்ப வழியில்லை.

முடிவாக

இப்போது அப்பாதையில் ஆட்டோ செல்கிறது. முதியவர் அவ்வழியே சில மாதங்கள் மருத்துவமனை சென்று வந்தார். பின்னர் இயற்கை எய்தினார். அம்மையாருக்குச் சிலை எழவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. திண்ணையோரமாக ஆட்டோ செல்லும் தூசியைத் துடைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குச் செல்கிறார்.

1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, தம் சமுதாயத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைக் கண்டுவிட்டுச் சாக விரும்புவதாக அய்யன்காளி அவரிடம் கூறினார் என்பர். நான்காண்டுகள் கழித்து, 1941 ஜூனில் அவர் மறைந்தார். பி.ஏ. பட்டத்தை நாம் எளிதாகவே பெற்றோம். எவரும் நமக்காகப் பட்டினி கிடக்கவில்லை. அப்பட்டம் நமக்கு ஓர் உத்தியோகத்தைத் தந்தது. மூன்றடி நிலத்தின் முன் அது உதவவில்லை.

சென்ற ஆண்டு, கீழ்வீடுகளில் ஒன்றைச் சேர்ந்த பெண் ஒருத்தி அப்பாதை வழியே மேலேறி வந்து, கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேருவதற்கான விண்ணப்பத்தை நிரப்ப உதவும்படி கேட்டாள். விண்ணப்பம் நிரப்புவது நமக்கு நன்கு தெரிந்த வேலை. வாயிலில் நின்றபடியே கேட்டவளை உள்ளே அழைத்து, மேசையருகே நாற்காலியிட்டு அமரச் செய்து, ‘வா, நாம் முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம்’ என்றோம். அச்சொல்லை அன்று எண்ணிச் சொன்னோம்.